மறுபேற்றுக்கு முன் இரு நாள்

(நமது சங்கத்தின் திருவொற்றியூர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் கல்வி, தொழில், மணவினைச் சிக்கனம் முதலியவற்றைப் பற்றிப் பேசுதல் வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு நகை விளைக்கலாம். சிலர்க்கு நாணம் விளைக்கலாம். முன்னரே மக்களைப் பெற்று மீண்டும் கருவுற்றிருக்கும் ஒரு மனைவியும் அவள் கணவனும், அம்மக்களை மூத்தோரிடம் ஒப்படைத்து, இரண்டொரு நாள் தனித்து வெளியூர் சென்று தங்கி வருதல் தக்கதா, தகாததா என்பதே அப்பொருள். தக்கதே என்பது எம் துணிபு. அதற்குரிய காரணங்களையும், செல்வோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் எம் சிற்றறிவிற்கு எட்டியவரை கூறுவோம். பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறோம்.

“இஃது மேனாட்டார் வழக்கமன்றோ? நமக்கு எதற்கு?” என்று வினவுவார் உளர். ஆங்கிலத்தில் ‘பேபிமூன்’ என்றொரு சொல் வழங்குவது மெய்யே. பேறுகாலம் பற்றிப் பல நூல்கள் எழுதிய ஷீலா கிட்சிங்கர் என்னும் அம்மையார், குழந்தை பிறந்த பின்னர்த் தாயும் தந்தையும் சேயும் ஒருங்கே அமைதியாக இருக்கும் நாள்களை அச்சொல்லாற் குறித்தார். பின்னாளில் அது பேற்றுக்கு முந்திய பயணத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிற்று; விடுதிக்காரர் விளம்பரங்களிலும் ஏறிற்று. சொல் மேனாட்டிலிருந்து வந்தது; பொருளோ நமக்குப் புதியதன்று.

கருவுற்ற மகளிர்க்கு எழும் வேட்கையை நாம் இன்று மசக்கை என்கிறோம். பண்டையோர் ‘வயா’ என்றனர். மிக்க விருப்பம் என்னும் பொருளில் இச்சொல்லைத் தொல்காப்பியர் உரியியலில் எடுத்தோதினர். புளியும் மண்ணும் தின்னும் விருப்பம் மட்டுமே வயா என்று கொள்ளற்க. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை உ. வே. சாமிநாதையர் 1924-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அந்நூலின் நரவாண காண்டத்தில், கருவுற்ற வாசவதத்தை கொண்ட வயாவும் அது தீர்ந்த வகையும் விரித்துக் கூறப்படுகின்றன. வானிற் சென்று மலைகளையும் நாடுகளையும் காணவேண்டும் என்பது அவள் வேட்கை. உதயணன் அதனைப் பேதைமை என்று தள்ளவில்லை; ஆகாததொன்றைக் கேட்கின்றாய் என்று கடியவும் இல்லை. அவளை வானூர்தியில் உடன்கொண்டு சென்று, அவள் விரும்பியவற்றைக் காட்டி மீண்டான். சீவகசிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்கு மயிற்பொறி ஒன்று செய்வித்து, அதனை ஊரவும் பயில்வித்தான். பின்னர்க் கட்டியங்காரன் அரசைக் கவர்ந்தபோது அவளையும் அவள் வயிற்றிலிருந்த சீவகனையும் காத்தது அப்பொறியே. கருவுற்றவள் வாயிற்படி கடவாது அடைந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இப்பெருங்காப்பியங்களுக்கு உடன்பாடன்று என்பது இவற்றால் விளங்கும்.

ஆயின் ஈண்டு ஒன்று கருதுக. வாசவதத்தைக்கும் விசயைக்கும் அது தலைப்பேறு. காப்பியங்கள் தலைப்பேற்றையே பாடின. நம் இல்லங்களும் தலைப்பேற்றையே கொண்டாடுகின்றன. தலைச்சனைச் சுமப்பவளுக்குப் பூச்சூட்டுகிறோம். கை நிறைய வளையல் அடுக்குகிறோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாய்ச் சமைத்து ஊட்டுகிறோம். ஏழாம் திங்களிலோ ஒன்பதாம் திங்களிலோ தாய்வீட்டிற்கு அனுப்பி ஓய்வு கொடுக்கிறோம். இவையெல்லாம் மிக நல்ல வழக்கங்கள். மறுபேற்றுக்கு யாது செய்கிறோம்? பெரும்பாலான இல்லங்களில் யாதுமில்லை. மூத்த பிள்ளைக்குப் பள்ளி உண்டு. ஆதலின் தாய்வீடு செல்லவும் இயலாது. விடியுமுன் எழுந்து, குடிநீர் பிடித்து, சோறாக்கி, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மற்றொன்றை இடுப்பிற் சுமந்து, வயிற்றில் ஒன்றையும் சுமந்து அவள் உழைக்கின்றாள். “இவளுக்கு இது புதிதா?” என்பதே நாம் அவளுக்குக் கூறும் ஆறுதல்.

உடல்நூல் வல்லார் கருத்து இதற்கு மாறானது. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுறுதலுக்கும் இடையே 24 திங்களேனும் கழிதல் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியுள்ளது. முன்னைப் பேற்றில் இழந்த வலிமையை உடல் மீளப் பெற அத்துணைக் காலம் வேண்டும் என்க. 2019-21 ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிற் கருவுற்ற மகளிருள் 100-க்கு 52 பேர் இரத்தச்சோகை உடையவர். அவளுக்கு இது புதிதன்று என்பது உண்மை. அவள் உடல் முன்னினும் தளர்ந்தது என்பதும் உண்மை. முன்னதை நினைந்து பின்னதை மறக்கிறோம்.

இனி, மனைவி தனியே தாய்வீடு சென்று ஓய்வு கொண்டால் அமையாதோ, கணவனும் உடன்செல்லல் எற்றுக்கு எனின், கூறுவோம். இத்திருவொற்றியூரில் வாழும் நமக்குச் சுந்தரர் வரலாறு நன்கு தெரியும். சங்கிலியாரை மணந்த அவர், ‘பிரியேன்’ என்று மகிழமரத்தடியில் உறுதி கூறினார். அவ்வுறுதி பிறழ்ந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை காணும் நாம், பிரிவு என்பது ஊர் விட்டு ஊர் செல்வது மட்டுமே என்று எண்ணுகிறோம். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்போர் இல்லங்களைப் பாருங்கள். கணவனுக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு. அடுத்த வாரம் இரவு ஷிப்டு. அவன் வரும்போது அவள் உறங்குகிறாள். அவள் எழும்போது அவன் உறங்குகிறான். காசிமேட்டு விசைப்படகிற் செல்வோரோ பல நாள் கடலிலேயே கழிக்கின்றனர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் பிரிந்திருத்தல் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. எஞ்சிய சிறுபொழுதும் ஓர் அறையுள் பிள்ளைகள் சூழக் கழிகின்றது. அங்கே தாயும் தந்தையும் உளர். கணவனும் மனைவியும் இலர்.

ஆதலின் அவ்விரு நாளின் பயன் கடலையும் மலையையும் காண்பது மட்டுமன்று. பேசுதற்குப் பொழுது கிடைப்பதே தலையாய பயன். எதைப் பேசுவது? முற்பேற்றில் அவள் பட்ட துன்பத்தைப் பேசலாம். மேற்கூறிய கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவை மருத்துவத்தால் நிகழ்ந்தவை. முன்னர் வயிற்றில் தழும்பு ஏற்றவள் இம்முறையும் கத்திதானா என்று உள்ளூர அஞ்சிக்கொண்டிருப்பாள். இயல்பான பேற்றுக்கு இடமுண்டா என்று மருத்துவரிடம் கேட்டல் கூடும் என்பதே பலர்க்குத் தெரியாது. இருவரும் கூடிப் பேசியிருந்தாலன்றோ மருத்துவர் முன் வாய்திறந்து கேட்பர்? பேற்று நாளில் மூத்த பிள்ளைகளை யார் காப்பது, செலவிற்கு எவ்வளவு ஒதுக்குவது, இதனோடு நிறுத்திக்கொள்வதா, நிறுத்துவதாயின் அதற்குரிய மருத்துவத்தை மனைவி ஏற்பதா கணவன் ஏற்பதா என்பனவும் அப்போதே பேசத்தக்கவை. ஆடவர்க்குச் செய்யும் குடும்பநல அறுவை மகளிர்க்குச் செய்வதினும் எளிது. எனினும் அவ்வினா பல இல்லங்களில் எழுவதே இல்லை. பேற்று மேசையில் வலியுற்றுக் கிடப்பவளிடம் கையொப்பம் கேட்கும் வேளையில்தான் முடிவு செய்யப்படுகின்றது. இஃது அறமாகுமா என்று இங்குள்ள ஆடவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

இப்பகுதியினர்க்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. எண்ணூர்க் கழிமுகம் முற்காலத்தில் சென்னை நகரத்து ஐரோப்பியர் ஓய்வுகொள்ள விரும்பி வந்த இடம். நற்காற்று நாடிப் பிறர் வந்த ஊரில் வாழும் நாம் இன்று நற்காற்று நாடி வெளியே செல்ல வேண்டியவராயினோம். 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியமையால் கடலில் எண்ணெய் படர்ந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலை அடுத்த வெள்ளத்தில் கழிமுகம் முழுதும் எண்ணெய் பரந்தது. அதே திங்கள் 26-ஆம் நாள் இரவில் உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீடுவிட்டு ஓடினர். காற்றிற் கலந்த நுண்துகள்கள் பிறக்கும் மகவின் எடையைக் குறைக்கவல்லன என்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இரண்டு நாள் நற்காற்று ஒன்பது திங்கள் தீக்காற்றை ஈடுசெய்யாது. அவ்வாறு கூறி யாரையும் மயக்க விரும்போம். காற்றைத் தூய்மை செய்யுமாறு அரசையும் ஆலைகளையும் வற்புறுத்தும் கடமை நமக்கு எஞ்சியே நிற்கின்றது. எனினும் நெஞ்சு நிறைய மூச்சுவிட்டால் எப்படியிருக்கும் என்பதை இங்குள்ள தாயொருத்தி இரண்டு நாளேனும் அறிந்து வருதல் தவறன்று.

இனிச் செல்லும் முறை கூறுவோம். முதலாவது, காலம். முதல் மூன்று திங்களில் குமட்டலும் சோர்வும் மிகும். இறுதி மூன்று திங்களில் உடல் கனக்கும், பேறு முந்தவும் கூடும். ஆதலின் 14-ஆம் வாரத்திற்கும் 28-ஆம் வாரத்திற்கும் இடைப்பட்ட காலமே ஏற்றது. படகிற் செல்வோர்க்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலம் இயல்பாகவே ஓய்வு தருகின்றது. ஆயினும் அது கோடை. உச்சிவெயிலில் அலைதல் ஆகாது.

இரண்டாவது, மருத்துவர் இசைவு. குருதிப்போக்கு, உயர்ந்த இரத்த அழுத்தம், நஞ்சு கீழிறங்கியிருத்தல், முன்னர்க் குறைமாதப் பேறு, இரட்டைக் கரு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அவர் ‘ஆம்’ என்றாலன்றிப் புறப்படற்க. நம் பகுதியினர்க்கு இராயபுரத்து அரசு மகப்பேறு மருத்துவமனை 19-ஆம் நூற்றாண்டு தொட்டுத் துணை நிற்கின்றது. அங்கும் கேட்கலாம், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். தாய்சேய் நல அட்டையும் இரும்புச்சத்து மாத்திரையும் பையில் முதலில் வைக்கற்பாலன.

மூன்றாவது, இடமும் வழியும். தொலைவு குறைந்ததாகவும், மகப்பேறு மருத்துவமனை எளிதில் எட்டுவதாகவும் உள்ள இடமே நல்லிடம். 1856 ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடிற்று. அத்தகைய ஊரிற் பிறந்தும், கணவனுடன் ஒருமுறையேனும் இரயிலில் வெளியூர் சென்றறியாத மகளிர் நம்முள் பலர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. ஆதலின் சென்ட்ரல் நிலையத்தைக் குலுங்காது அடையலாம். மாமல்லபுரத்துக் கடற்கரை அண்மையில் உள்ளது. ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர், வள்ளல்கள் பெயரை இட்டிருக்கின்றனர். எமக்கு அஃது உவகை தருவதே. ஆயினும் வளைவில் தலைசுற்றுவோர்க்குக் கபிலரும் பாரியும் துணைசெய்யார். அன்னோர் சமநிலத்து ஊரையே நாடுக. நெடும்பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தல் வேண்டும். கருவுற்ற காலத்தில் காலில் இரத்தம் உறைதல் எளிது. காரில் இருக்கைப் பட்டையை வயிற்றின்மேற் கட்டாது அடிவயிற்றின்கீழ் அமையக் கட்டுக. கொதித்தாறிய நீரையே பருகுக. குருதி காணல், பனிக்குடம் உடைதல், தாங்கொணாத் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் ஊர் திரும்பும்வரை பொறுத்திராது அங்கேயே மருத்துவரை அடைக. 108-க்கு அழைத்தால் வண்டி வரும்.

நான்காவது, விட்டுச் செல்லும் பிள்ளைகள். இதுவே தாயின் நெஞ்சைப் பெரிதும் உறுத்துவது. யாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுவோம். எம் வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி ஒருநாட் காலை முழுதும் அழுதுகொண்டிருந்தாள். வினவியபோது, “பாப்பா வரப்போகுது, அதனால என்னை ஆயாகிட்ட விட்டுட்டு அம்மாவும் அப்பாவும் போயிட்டாங்க” என்றாள். பெற்றோர் இரண்டு நாளைக்கே சென்றிருந்தனர். அழுவாளே என்று அஞ்சி, அவள் உறங்கும்போது சொல்லாது புறப்பட்டிருந்தனர். அச்சிறுமிக்கோ இரண்டு நாள் என்பது தெரியாது. தனக்கு மாற்றாக மற்றொன்று வருகிறது என்பது மட்டுமே தெரியும். மூன்றாம் நாள் தாயைக் கண்ட பின்னரே அவள் முகம் தெளிந்தது. பிள்ளைகளை விட்டுச் செல்லுதல் இரக்கமின்மையன்று. சொல்லாது செல்லுதலே இரக்கமின்மை. எங்கே போகிறோம், எத்தனை இரவு, எப்போது திரும்புவோம், யாருடன் உறங்கவேண்டும் என்பனவற்றை முன்னரே சொல்லுக. மாலைதோறும் தொலைபேசியிற் பேசுக. சொன்ன நாளிற் சொன்னபடி திரும்புக. இஃது அவர்கட்கும் ஒரு பயிற்சி. பேற்று நாளில் தாய் மருத்துவமனைக்குச் செல்லும்போது, ‘அம்மா போனாள், திரும்பி வந்தாள்’ என்பதை ஒருமுறை கண்ட பிள்ளை கலங்காது.

இனிச் செலவு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, வேலைக்குச் செல்லும் தாய்க்கு முதலிரு மக்கள்வரை 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு ஏற்பட்டது. தனியார் ஆலையில் உழைக்கும் தந்தைக்கு அத்தகைய கட்டாயச் சட்டம் இல்லை. ஆதலின் இரண்டு நாள் விடுப்பு என்பது அவனுக்குக் கூலியிழப்பாகவும் கூடும் என்பதை அறிவோம். எனினும் வளைகாப்பிற்கும் காதுகுத்திற்கும் பந்தலிட்டு நூற்றுக்கணக்கானோர்க்கு விருந்திடும் நாம், அச்செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் இருவர் இரண்டு இரவு தங்கி வரப் போதும். அதுவும் இயலாதார் ஒரு பகற்பொழுதேனும் சென்று மாலையில் திரும்புக. தொலைவன்று பொருள், தனிமையே பொருள்.

இறுதியாக மாமியார் நிலையில் உள்ள தாய்மார்களை நோக்கி ஒரு சொல். “நாங்கள் எத்தனை பெற்றோம்! எங்கே போனோம்?” என்று நீவிர் கேட்பது எம் காதில் விழுகின்றது. உண்மைதான், உமக்கு அந்நாளில் யாரும் தரவில்லை. அது குறையே, அக்குறையை அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகக் கொடுத்தல் வேண்டா. மருமகள் வாய்திறந்து கேட்கமாட்டாள். கேட்டால் ஊரார் நகைப்பர் என்று அஞ்சுவாள். மகனும் நாணுவான். நீவிரே ஒருநாள் அவர்களை அழைத்து, “பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள்” என்று சொல்லிவிடின், ஊர் வாய் தானே அடங்கும். மூத்தோர் இல்லாத இல்லங்களுக்கு நம் சங்கத்து மகளிர் முறைவைத்துத் துணை நிற்கலாம். இதனைத் தலைவர் அவர்கள் அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தலைச்சனைச் சுமந்தபோது அவள் கையில் வளையல் அடுக்கினோம். மறுபேற்றைச் சுமப்பவளுக்கு இரண்டு நாட்பொழுதை அளித்தல் அதனினும் சிறந்த வரிசை என்பது எம் கருத்து.